செட்-டாப் பெட்டி இணைப்பு வடங்கள்

செட்-டாப் பெட்டி இணைப்பு வடம் என்பது, செட்-டாப் பெட்டியிலிருந்து வெளிவரும் படத்தையும் ஒலியையும் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கொண்டுசெல்லும் கம்பி ஆகும். தெருவழியே வரும் கேபிள் இணைப்பாயினும், மாடியிலுள்ள கிண்ண அலைவாங்கி வழியாக வரும் டி.டி.எச். இணைப்பாயினும், ஒளிபரப்பு முதலில் செட்-டாப் பெட்டியை அடைந்து அங்கே மறைநீக்கம் செய்யப்படுகிறது. அதன் பின்னர் எஞ்சியுள்ள ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தைக் கடப்பதே இவ்வடத்தின் பணி. தூரம் சிறிதாயினும், சந்தா செலுத்திப் பெற்ற படம் முழுமையாகத் திரையை அடைகிறதா என்பது இங்கேதான் முடிவாகிறது. உயர்துல்லிய அலைவரிசைகளுக்கு மாதந்தோறும் கூடுதல் கட்டணம் செலுத்திவிட்டு, பெட்டியைப் பழைய மஞ்சள் கம்பியால் இணைத்திருக்கும் வீடு அக்கட்டணத்தின் பயனைப் பெறுவதில்லை.

தமிழகத்தில் ஒரே வட்டாரத்தில், சில சமயம் ஒரே வீட்டிலேயே, கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியும் தட்டைத் திரைத் தொலைக்காட்சியும் அருகருகே புழங்கி வந்தமையால் வடத் தேர்வு பலருக்கும் குழப்பமாக அமைந்தது. பொது விதி எளியது: இரு பெட்டிகளின் பின்புறமும் பார்த்து, இரண்டிலும் இருக்கும் செருகுவாய்களுள் உயர்ந்ததைத் தேர்தல் வேண்டும். எச்.டி.எம்.ஐ. இரண்டிலும் இருப்பின் அதுவே. இல்லையெனில் மூன்று நிற வடம். அதுவும் இல்லையெனில் மட்டும் வானலை வடம்.

சொல்வழக்கு

கேபிள் என்பதற்கு வடம் என்ற சொல் பழந்தமிழில் கயிற்றையும் தேரிழுக்கும் பெருங்கயிற்றையும் குறித்து வந்தது. கலைச்சொல்லாக்கத்தில் அது மின்கம்பிக்கும் பொருந்தியது. நடைமுறையில் கடைகளிலும் கேபிள் இயக்குநரிடத்தும் "ஏவி ஒயர்", "எச்.டி.எம்.ஐ. கேபிள்" என்பனவே வழங்குகின்றன, செட்-டாப் பெட்டி "பாக்ஸ்" எனப்படுகிறது. செருகுவாய் "போர்ட்" எனவும், வடத்தின் முனை "பின்" எனவும் சொல்லப்படும். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய மறைமலை நகரிலும் "செட்டாப் பாக்ஸ் ஒயர்" என்று கேட்டால்தான் கடைக்காரர் எடுத்துத் தருவார். இக்கட்டுரையில் வடம், கம்பி ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன.

தமிழகத்தில் தேர்வு எழுந்த வரலாறு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15 அன்று தொடங்கப்பட்டபோது பார்வையாளர் முன் வடத் தேர்வு என ஒன்று இருக்கவில்லை. கூரையிலிருந்த அலைவாங்கியின் கம்பி நேரே தொலைக்காட்சியின் பின்புறத்தில் செருகப்பட்டது. 1990களில் கேபிள் தொலைக்காட்சி பரவியபோதும் நிலை அதுவே. தெருக்கம்பத்திலிருந்து வந்த கறுப்புக் கம்பி அதே துளையில் சென்றது. அலைவரிசைகளைப் பிரித்தெடுத்தது தொலைக்காட்சியேயாகும்.

இந்நிலை 2003 செப்டம்பர் 1 அன்று மாறத் தொடங்கியது. நிபந்தனை அணுக்க முறை அன்று சென்னையில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அதனை முதலில் ஏற்ற பெருநகரம் சென்னையே. கட்டண அலைவரிசைகளைக் காண விரும்பியோர் செட்-டாப் பெட்டி வாங்க வேண்டியதாயிற்று. தெருக்கம்பிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே ஒரு புதிய பெட்டி நுழைந்தது. அதனுடன் அதற்கும் தொலைக்காட்சிக்கும் இடையே எந்தக் கம்பி என்ற வினாவும் நுழைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் டி.டி.எச். சேவைகள் இவ்வினாவைச் சென்னைக்கு வெளியேயும் கொண்டு சென்றன.

இதே காலத்தில் தமிழக அரசு 2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரையிலான காலத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குலக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகள் வழங்கப்பட்டன. ஏறத்தாழ அதே வேளையில், 2007இல், மறைமலை நகரை அடுத்த தொழில் வட்டாரமான திருப்பெரும்புதூரில் சாம்சங் நிறுவனத்தின் ஆலை தொலைக்காட்சிகளை உருவாக்கத் தொடங்கியது. குழாய்ப் பெட்டி ஏழை எளியோரின் வீட்டை முதன்முதலாக அடைந்த காலமும், தட்டைத் திரை நடுத்தர வகுப்பினரின் வீட்டை அடையத் தொடங்கிய காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. வடத்தைப் பொறுத்தவரை இவை வெவ்வேறு தலைமுறைகள்: முன்னதில் எச்.டி.எம்.ஐ. கிடையாது, பின்னதில் அதுவே முதன்மை.

எண்ணிம முறைக்கான சட்டத் திருத்தம் 2011இல் வந்தது. நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 கெடுவாகக் குறிக்கப்பட்டது. சென்னையில் வழக்குகளால் காலம் தாழ்ந்தது. ஊரகப் பகுதிகளுக்கான இறுதிக் கெடு 2017 மார்ச் 31. தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2017 ஏப்ரலில் எண்ணிம உரிமம் பெற்று, அவ்வாண்டு செப்டம்பரில் விலையில்லாச் செட்-டாப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. இதன் பின்னரே சிற்றூர்களில் இருந்த 14 அங்குலப் பெட்டிகளும் செட்-டாப் பெட்டியுடன் இணைக்கப்பட வேண்டிய நிலை முழுமையாக வந்தது.

வானலை வடம்

இது நடுவில் ஒரு செப்புக் கம்பி, அதனைச் சூழ்ந்த நுரைக் காப்பு, அதன் மேல் உலோகத்தாளும் பின்னற் கவசமும், எல்லாவற்றுக்கும் வெளியே நெகிழி உறை என அமைந்த ஓரச்சு வடம் ஆகும். மின்மறுப்பு 75 ஓம். தெருவிலிருந்தோ கிண்ணத்திலிருந்தோ செட்-டாப் பெட்டிக்கு வருவது இவ்வடமே. செட்-டாப் பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்கு இதனைப் பயன்படுத்துவது கடைசி வழி. அவ்வாறு செய்கையில் பெட்டி தான் பிரித்தெடுத்த படத்தை மீண்டும் ஓர் அலைவரிசையில் பண்பேற்றி அனுப்ப, தொலைக்காட்சி அதனை இன்னொரு முறை பிரிக்கிறது. இரைச்சல் கூடுகிறது, ஒலியும் பெரும்பாலும் ஒற்றைத் தடமாகிவிடுகிறது. பல செட்-டாப் பெட்டிகளில் இவ்வெளியீடே இல்லை.

வீட்டுக்குள் வரும் ஓரச்சு வடத்திலும் தேர்வு உண்டு. மெல்லிய ஆர்.ஜி.-59 வகையில் 750 மெகாஏர்ட்சில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 23 டெசிபல் இழப்பு ஏற்படும். சற்றுத் தடித்த ஆர்.ஜி.-6 வகையில் அது ஏறத்தாழ 18.5 டெசிபல். டி.டி.எச். இணைப்பில் கிண்ணத்திலிருந்து இறங்கும் குறிகை 950 முதல் 2150 மெகாஏர்ட்சு வரை இருப்பதால் இழப்பு இன்னும் கூடும்; அங்கு ஆர்.ஜி.-6 வகையே ஏற்றது. அவ்வடத்தில் கிண்ணத்தின் கருவிக்கான 13 அல்லது 18 வோல்ட்டு மின்னழுத்தமும் செல்கிறது. ஆகவே பெட்டியை அணைக்காமல் முனையைத் திருகிக் கழற்றுவதும், கவசப் பின்னலின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொடும்படி முனை செய்வதும் குறுஞ்சுற்றுக்கு இடமளிக்கும். படம் சதுரம் சதுரமாக உடைந்தால் குறை பெரும்பாலும் இவ்வடத்திலோ அதன் முனையிலோ இருக்கும். தொலைக்காட்சிக்குச் செல்லும் இணைப்பு வடத்தை மாற்றுவதால் அது தீராது.

மூன்று நிற வடம்

மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய மூன்று முனைகளைக் கொண்ட இவ்வடமே தமிழக வீடுகளில் நெடுங்காலம் மிகப் பரவலாக இருந்தது. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்புற ஒலிக்கு, சிவப்பு வலப்புற ஒலிக்கு. இம்முனை ஆர்.சி.ஏ. எனப்படுவது, அதனை உருவாக்கிய அமெரிக்க வானொலி நிறுவனத்தின் பெயரால் ஆகும்.

மஞ்சள் கம்பி ஒன்றிலேயே ஒளிர்வு, நிறம், ஒத்திசைவு ஆகிய மூன்றும் கலந்து செல்கின்றன. இந்தியாவில் பின்பற்றப்பட்ட பால் முறையில் நிறத்தைச் சுமக்கும் துணை அலை 4.43 மெகாஏர்ட்சில் அமைந்துள்ளது. ஒளிர்வின் நுண்ணிய விவரங்களும் அதே பகுதியில் வருவதால், தொலைக்காட்சி இரண்டையும் முழுமையாகப் பிரித்துவிட இயலாது. செய்தி வாசிப்பவர் நெருங்கிய கோடுகளுள்ள சட்டையோ சிறுகட்டச் சேலையோ அணிந்திருந்தால் அதன் மீது வானவில் நிறங்கள் ஓடுவதைக் காணலாம். இது வடத்தின் பழுதன்று; இம்முறையின் இயல்பு. விலையுயர்ந்த மஞ்சள் வடம் வாங்குவதால் இது நீங்காது.

இவ்வடத்தின் மேல்வரம்பு 576 வரிகள் ஆகும். 720 பெருக்கல் 576 என்னும் படத்தில் 4,14,720 புள்ளிகள் உள்ளன. 1920 பெருக்கல் 1080 என்னும் உயர்துல்லியப் படத்தில் 20,73,600 புள்ளிகள். அதாவது சரியாக ஐந்து மடங்கு. உயர்துல்லியச் செட்-டாப் பெட்டியை மஞ்சள் கம்பியால் இணைத்தால், பெட்டியே ஐந்தில் நான்கு பங்கு விவரத்தைக் கழித்துவிட்டுத்தான் படத்தை வெளியே அனுப்புகிறது. அப்படத்தை 32 அங்குலத் திரை மீண்டும் இழுத்து நிரப்புவதால் அது மங்கித் தோன்றும். 14 அங்குலக் குழாய்ப் பெட்டியில் இதே படம் குறையின்றித் தோன்றும். அப்பெட்டி இவ்வளவுக்கே வடிவமைக்கப்பட்டது. ஆகவே குழாய்ப் பெட்டி வைத்திருப்போருக்கு மூன்று நிற வடமே உரியது. அவர்கள் உயர்துல்லியச் சந்தாவுக்குப் பணம் செலுத்துவது வீண்.

சிறிய குழாய்ப் பெட்டிகள் பலவற்றில் ஒற்றை ஒலித்தடமே உண்டு. மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் மட்டும் இடமிருக்கும். சிவப்பு முனை வெறுமனே தொங்க விடப்படும். அப்போது வலப்புறத் தடத்தில் மட்டும் பதிவான இசையோ உரையாடலோ கேட்காமல் போகலாம். செட்-டாப் பெட்டியின் ஒலி அமைப்பில் 'மோனோ' என்பதைத் தேர்ந்தால் இரு தடங்களும் கலந்து வெள்ளை வழியே வரும்.

புதிய தட்டைத் திரைகளில் வேறொரு குழப்பம் உண்டு. சிலவற்றில் மஞ்சள் துளையே காணப்படாது; பச்சைத் துளையின் சுற்றில் பாதி மஞ்சளாக வண்ணம் பூசப்பட்டிருக்கும், அல்லது அருகில் 'வீடியோ' என்று எழுதப்பட்டிருக்கும். மஞ்சள் முனையை அப்பச்சைத் துளையில் செருக வேண்டும். துளை இல்லையென்று கருதி மாற்றி வாங்கத் தேவையில்லை.

3.5 மில்லிமீட்டர் முனை

இடத்தைச் சுருக்கும்பொருட்டுச் செட்-டாப் பெட்டிகள் பலவற்றிலும் புதிய தொலைக்காட்சிகளிலும் மூன்று துளைகளுக்குப் பதிலாக, கைப்பேசியின் காதொலிப்பான் துளையை ஒத்த ஒரே துளை வைக்கப்பட்டது. இதற்கான வடத்தின் ஒரு முனையில் மூன்று கறுப்பு வளையங்களால் பிரிக்கப்பட்ட நான்கு தொடுபகுதிகளும், மறுமுனையில் மூன்று நிறச் செருகிகளும் இருக்கும். தோற்றத்தில் இவை எல்லாம் ஒன்றே. ஆனால் நான்கு பகுதிகளில் எது படம், எது ஒலி, எது புவித்தொடுப்பு என்பதற்குப் பொதுவான ஒழுங்கு இல்லை. ஒரு நிறுவனத்தின் பெட்டியோடு வந்த வடத்தை இன்னொன்றில் செருகினால், திரை இருண்டு, ஒலிபெருக்கியில் 'கர்ர்' என்னும் இரைச்சல் வருவது இதனாலேயே. அவ்விரைச்சல் ஒலித்துளைக்குள் சென்றுவிட்ட படக்குறிகையாகும்.

அவ்வேளையில் வடத்தை எறிந்துவிடுவதற்கு முன் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய முனைகளை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகிப் பார்க்கலாம். புவித்தொடுப்பின் இடம் பொருந்தியிருந்து மற்றவை மட்டும் மாறியிருந்தால், ஏதேனும் ஓர் அடுக்கில் படமும் ஒலியும் சரியாக வந்துவிடும். நிறம் பொருந்தாவிடினும் குற்றமில்லை. புவித்தொடுப்பே மாறியிருந்தால் எவ்வடுக்கிலும் நல்ல படம் வராது. அப்பெட்டிக்குரிய வடத்தையே பெற வேண்டும். பெட்டியை ஒப்படைத்து வேறு இணைப்புக்கு மாறுவோர், அதனுடன் வந்த இவ்வடத்தைப் புதிய பெட்டிக்கும் பயன்படும் என வைத்துக்கொள்வது பெரும்பாலும் பயன் தருவதில்லை.

இடைக்கால வடங்கள்

ஒளிர்வையும் நிறத்தையும் இரு கம்பிகளில் பிரித்தனுப்பும் நான்கு ஊசி எசு-வீடியோ வடமும், பச்சை, நீலம், சிவப்பு எனப் படத்துக்கே மூன்று கம்பிகள் கொண்ட கூறுவடமும் மஞ்சளைவிட மேம்பட்டவை. பின்னது உயர்துல்லியப் படத்தையும் ஒப்புமை முறையில் கடத்த வல்லது. ஒலிக்கு வேறு இரு கம்பிகள் வேண்டும். தமிழகத்துச் செட்-டாப் பெட்டிகளில் இவை பரவும் முன்பே எச்.டி.எம்.ஐ. வந்துவிட்டது. ஐரோப்பாவில் பரவலாயிருந்த 21 ஊசி இசுகார்ட்டு முனை இந்தியாவில் வேரூன்றவில்லை.

எச்.டி.எம்.ஐ. வடம்

இட்டாச்சி, மட்சுசித்தா, பிலிப்சு, சிலிக்கன் இமேச்சு, சோனி, தாம்சன், தோசிபா ஆகிய ஏழு நிறுவனங்கள் இணைந்து 2002 திசம்பரில் இதன் முதற் பதிப்பை வெளியிட்டன. 19 ஊசிகள் கொண்ட ஒரே முனையில் படமும் ஒலியும் எண்ணிம வடிவிலேயே செல்கின்றன. படியெடுப்பைத் தடுக்கும் மறையாக்கமும் இதனுள் அடங்கும்; இரு பெட்டிகளும் ஒன்றையொன்று அறிந்துகொண்ட பின்னரே படம் வெளிவரும். இணைத்தவுடன் திரை ஓரிரு நொடிகள் இருண்டு பின் தெளிவது இதனாலாகும்.

இவ்வடத்தின் தன்மை மஞ்சள் கம்பியினின்றும் முற்றிலும் வேறானது. ஒப்புமை முறையில் வடம் கெடக் கெடப் படமும் சிறிது சிறிதாகக் கெடும். எண்ணிம முறையில் அனுப்பிய எண்கள் பிழையின்றி வந்து சேரும்வரை படம் முழுமையாகவே இருக்கும். வடம் வரம்பைத் தாண்டிக் கெட்டால் முதலில் வெண்புள்ளிகள் மின்னும், பின் திரை விட்டுவிட்டு இருளும். இடைப்பட்ட நிலை ஏதுமில்லை. ஆகையால் இரு வடங்களும் ஒழுங்காக வேலை செய்கையில், பன்மடங்கு விலையுள்ள வடத்தில் நிறம் கூடுதலாகவோ கூர்மை மிகுதியாகவோ தோன்ற வாய்ப்பில்லை. கடைகளில் இதற்கு மாறாகச் சொல்லப்படுவதை நம்ப வேண்டியதில்லை. பொன்முலாம் துருவைத் தடுக்கும். கடலோரத்து வீடுகளில் அது பயனுள்ளதே. படத்தை அது மேம்படுத்தாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை வேக வகையும் நீளமும் ஆகும். 1.4, 2.0 என்னும் பதிப்பெண்கள் கருவிகளுக்கு உரியவை, வடங்களுக்கு அல்ல. இந்திய உயர்துல்லிய அலைவரிசைகள் 1080 வரிப் பின்னல் முறையில் ஒளிபரப்பாகின்றன. மிக எளிய வகை வடமே இதற்குப் போதுமானது. 'ஐ-இசுபீடு' என்று குறிக்கப்பட்டது 4கே படத்தையும் நொடிக்கு 30 சட்டகம் வரை கடத்தும். நொடிக்கு 60 சட்டகம் 4கே தரும் பெட்டிகளுக்கு நொடிக்கு 18 கிகாபிட்டு தாங்கும் 'பிரீமியம் ஐ-இசுபீடு' வகை வேண்டும். செட்-டாப் பெட்டி தொலைக்காட்சியின் அடியிலேயே இருப்பின் ஒன்றரை மீட்டர் போதும். சுவரில் மாட்டிய திரைக்கு இரண்டு அல்லது மூன்று மீட்டர். தேவைக்கு மேல் நீண்ட வடம் செலவும் சிக்கலுமே தரும். சுவருக்கும் திரைக்கும் இடையே இடைவெளி குறைவாயின் முனை நசுங்கித் துளையின் பற்றாசு விட்டுப்போகும். செங்கோணமாக வளைந்த முனையுள்ள வடம் அங்கே ஏற்றது.

வடத்தை மாற்றிய பின் பெட்டியின் அமைப்பையும் மாற்ற வேண்டும் என்பது பலராலும் மறக்கப்படுகிறது. வெளியீடு 576 எனவே விடப்பட்டிருந்தால் எச்.டி.எம்.ஐ. வடத்திலும் பழைய படமே வரும்; அதனை 1080 ஆக்குக. திரையின் இருபுறமும் கறுப்புப் பட்டையோ, முகங்கள் அகன்றோ தோன்றினால் அளவுவிகிதத்தை 16:9 எனக் குறிக்கவேண்டும். படம் வந்து சில அலைவரிசைகளில் மட்டும் ஒலி வராவிடின் ஒலி வெளியீட்டை 'டால்பி' என்பதிலிருந்து 'பி.சி.எம்.' என மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். இவை மூன்றும் கம்பியின் பழுதாகக் கருதப்பட்டுப் புதுக்கம்பி வாங்கப்படுவது வழக்கமாயுள்ளது.

தலைமுறை மாறிய இணைப்புகள்

செட்-டாப் பெட்டியில் எச்.டி.எம்.ஐ. மட்டும், தொலைக்காட்சியில் மூன்று நிறத் துளை மட்டும் என்னும் நிலை ஏற்படுவதுண்டு. அதற்கென்று ஒருபுறம் எச்.டி.எம்.ஐ. முனையும் மறுபுறம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளும் கொண்ட வெறும் வடம் ஒன்று கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் மலிவாக விற்கப்படுகிறது. செட்-டாப் பெட்டிக்கு அது எவ்வகையிலும் பயன்படாது. எண்ணிமக் குறிகையை ஒப்புமைக் குறிகையாக மாற்றச் சுற்று ஒன்று வேண்டும். வெறும் செப்புக் கம்பி அதனைச் செய்ய இயலாது. தமிழகத்தில் இவ்விணைப்புத் துறையில் மக்கள் வீணாக இழக்கும் பணத்தில் இவ்வடத்துக்கு முதலிடம் தரலாம்.

தேவைப்படுவது மாற்றி எனப்படும் சிறு பெட்டி. அதற்கு 5 வோல்ட்டு மின்னூட்டம் வேண்டும். கைப்பேசி மின்னேற்றியால் அதனை வழங்கலாம். மின்னூட்டத் துளை இல்லாத பொருள் மாற்றியன்று, முன்னர்ச் சொன்ன வெறும் வடத்தின் மற்றொரு வடிவம் என்று கொள்ளலாம். மாற்றிக்குத் திசையும் உண்டு. 'எச்.டி.எம்.ஐ.-இலிருந்து ஏவி' என்பது வேறு, 'ஏவி-இலிருந்து எச்.டி.எம்.ஐ.' என்பது வேறு. ஒன்றைத் திருப்பிப் போட்டு மற்றொன்றாகப் பயன்படுத்த முடியாது. வாங்குகையில் வெளியீடு 'பால்' என அமைக்கும் பொத்தான் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். பழைய குழாய்ப் பெட்டிகளிற் சில அமெரிக்க முறைக் குறிகையை நிறமின்றிக் கறுப்பு வெள்ளையாகவே காட்டும்.

மறுதலையான நிலையில், அதாவது பெட்டி பழையது, தொலைக்காட்சி புதியது என்னும்போது, அத்தொலைக்காட்சியில் மஞ்சள் துளையோ 3.5 மில்லிமீட்டர் துளையோ இருப்பின் மாற்றி தேவையில்லை. மாற்றி போட்டாலும் 576 வரி 1080 வரியின் தெளிவைப் பெறாது. கேபிள் இயக்குநரிடம் உயர்துல்லியப் பெட்டிக்கு மாறுவதே முறை.

திருப்பெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் போன்ற தொழில் வட்டாரங்களில் வேலையை ஒட்டி வாடகை வீடு மாறுவோர்க்கு இப்பொருத்தமின்மை அடிக்கடி நேர்வது. தொலைக்காட்சி அவர்களுடையது, ஓரச்சு வடம் வீட்டோடு நிற்பது, கேபிள் இணைப்பாயின் பெட்டியும் அந்தந்தப் பகுதி இயக்குநரிடம் திரும்பிச் செல்வது. புதிய இடத்தில் முன்பணம் கொடுக்கும் முன், இயக்குநர் தரும் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்துக்கொள்வது நலம்.

மின் பாதுகாப்பு

வடத்தைச் செருகும்போது உலோக முனையில் கை பட்டுச் 'சுருக்' என்று தைப்பதுண்டு. இரண்டு ஊசிச் செருகியுள்ள கருவிகளில், இரைச்சல் வடிகட்டும் மின்தேக்கிகளின் வழியே மிகச் சிறு மின்னோட்டம் உலோகப் பகுதிக்குக் கசிகிறது. அதன் அளவு பொதுவாகத் தீங்கற்றது, ஆனால் எச்.டி.எம்.ஐ. துளையின் நுண்சுற்றுக்கு அது தீங்கானது. எனவே இரு கருவிகளின் செருகியையும் மின்பலகையிலிருந்து எடுத்துவிட்டே வடத்தைப் பூட்டவோ கழற்றவோ வேண்டும். தொலையியக்கியால் அணைத்தால் போதாது. தைப்பு வலுவாக, கையை உதறச் செய்வதாக இருப்பின் அது கசிவன்று. தெருவிலுள்ள மின்பெருக்கியின் பழுதோ, வீட்டுப் புவித்தொடுப்பின் குறையோ காரணமாகலாம். கம்பியைத் தொடாமல் கேபிள் இயக்குநரையோ மின்பணியாளரையோ அழைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதத்து இடிமழையில் கேபிள் வழியே பாயும் மின்னெழுச்சி செட்-டாப் பெட்டியைத் தாக்கி, இணைப்பு வடத்தின் வழியே தொலைக்காட்சியையும் கெடுக்கிறது. மின்செருகியை மட்டும் எடுத்துவிட்டுக் கேபிளை அப்படியே விட்டால் பாதுகாப்பு பாதிதான். இடி தொடங்கும் முன்னரே ஓரச்சு வடத்தையும் பெட்டியிலிருந்து திருகி எடுத்து, முனை எதன் மீதும் படாதவாறு தனியே வைக்க வேண்டும். இடி முழங்கத் தொடங்கிவிட்டால் அதனைத் தொடலாகாது.